மஞ்சள் தண்ணீர்ப் பிள்ளைகளும் வாய் உடைந்த குடமும்

வெகு காலத்துக்கு முன்னே, வன்னிக்கோட்டை என்கிற ஊரில் ஒரு ராஜா இருந்தார். அவரை அப்படியே விட்டுவிடுவோம். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். நம் கதையில் அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான், அதுவும் கடைசியில்தான்.

நமக்கு வேண்டியவர் எண்ணெய் வணிகர் காளத்தியப்பர். கோட்டைக்கு மேற்கே அவருடைய செக்கு. அந்தச் செக்கு எப்படிப் பேசும் தெரியுமா? கீ...ச். கிர்...ர். கீ...ச். பொழுது விடிந்தது முதல் பொழுது அடைந்தது வரை அதே பேச்சுதான். கேட்கிறவருக்குக் கொட்டாவி வரும். சுற்றுகிற மாட்டுக்கும் வரும்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியே போகிற குடம் எதுவானாலும், வீட்டுக்காரர் அதில் விரலை நனைத்து நாக்கில் வைக்க வேண்டும். விரலில் மிச்சம் ஒட்டியிருப்பதைத் தலையில் துடைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகுதான் குடம் வாசல் தாண்டும். வயதாகி நாக்கு மரத்துப்போனதும் காளத்தியப்பருக்கு விரல் போதவில்லை. ஒரு கரண்டி மொண்டு விழுங்குவார். விழுங்கிவிட்டு, "என் வாய்க்கு ஆகாதது ஊர் வாய்க்கு ஆகாது" என்பார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. ஒரு பஞ்சகாலத்தில், செக்கடியில் கிடந்த புண்ணாக்கைத் தின்றுகொண்டிருந்த இரண்டு குழந்தைகளைக் கண்டார். அக்காளும் தம்பியும். யார் பெற்றது, எந்த ஊர் என்று கேட்டால் இரண்டும் திருதிருவென்று விழித்தன. கேட்பதை விட்டுவிட்டு, ஊரைக் கூட்டி, மஞ்சள் கரைத்த தண்ணீரை அவற்றின் வாயில் ஊற்றினார். அந்தக் காலத்தில் தத்து எடுப்பது அப்படித்தான். மஞ்சள் தண்ணீர் தொண்டையில் இறங்கினால் அது அந்த வீட்டுப் பிள்ளை. பெண்ணுக்கு நாச்சி என்றும், பையனுக்குத் தாண்டவன் என்றும் பேர் வைத்தார்.

வீட்டின் பின்கட்டில் இருந்தவள் வடிவாச்சி, காளத்தியப்பருடைய செத்துப்போன தம்பியின் மனைவி. அவளுக்கு ஒரே மகன் சிற்றம்பலம். சோறு, துணி, எண்ணெய் எல்லாம் காளத்தியப்பர்தான். பெரியவருக்குப் பிறகு செக்கு தன் மகனுக்கு வரும் என்று அவள் எண்ணியிருந்தாள். அந்த எண்ணத்தின் தலையில்தான் மஞ்சள் தண்ணீர் விழுந்தது.

அவள் நேரே நியாயாதிபதியிடம் போனாள்.

நியாயாதிபதி நல்ல மனிதர். ஆனால் பங்கு வழக்குகள் கேட்டுக் கேட்டு அலுத்தவர். அவர் பேசுவதே பாதி கொட்டாவி. "சொ...ல்லுங்கம்மா," என்றார்.

வடிவாச்சிக்கு ஒரு குரல் உண்டு. தொடங்கும்போது தரையில் இருக்கும், முடியும்போது கூரையில் இருக்கும். "ஐயாவே, எங்கேயோ கிடந்ததுகளைக் கொண்டுவந்து நடு வீட்டுல வச்சிருக்காக. என் மகன் ரத்தம். அதுக வெறும் தண்ணி. மஞ்சத் தண்ணி ரத்தமாகுமா ஐயா?"

"ஊர் முன்னாடி குடிச்சாச்சும்மா. குடிச்சதைத் திருப்பி எடுக்க முடியாது. வீட்டுக்குப் போங்க."

போனாள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். தாண்டவன் செக்கு ஓட்டினான். நாச்சி எண்ணெய் அளந்தாள். சிற்றம்பலமும் ஓட்டினான், மனசு வந்த நாட்களில். மனசு வருவது அவனுக்கு அமாவாசை மாதிரி. கெட்டவன் இல்லை. அம்மா சொன்னதை நம்புவதே அவனுக்குப் போதுமான வேலையாக இருந்தது.

வடிவாச்சி இரண்டாம் தடவை போனாள். "ஐயாவே, அதுக ரெண்டும் எண்ணெயைத் திருடி விக்குதுக." ஆட்கள் போய்ப் பார்த்தார்கள். எண்ணெய் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. குறைந்திருந்தது பின்கட்டுக்குப் போன குடம் மட்டும்தான்.

"மஞ்சத் தண்ணி ரத்தமாகுமா ஐயா?" என்றாள் மறுபடி.

நியாயாதிபதி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுக்குப் போங்கம்மா."

போனாள். மூன்றாம் தடவை வந்தபோது அவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. வீட்டில் ஒரு பிணம் கிடந்தது.

காளத்தியப்பர்தான். காலையில் எழுந்தார், குடங்களை ருசி பார்த்தார், நாச்சி கொடுத்த கஞ்சியைக் குடித்தார். உச்சிவேளைக்குள் நுரை தள்ளிச் செத்துப்போனார்.

"கஞ்சியில நஞ்சு வச்சுட்டாளே," என்று வடிவாச்சி மார்பில் அடித்துக்கொண்டாள். "சொத்துக்காகக் கொன்னுட்டாளே. நான் அன்னைக்கே சொன்னேனே."

ஊர் சும்மா இருக்குமா? வெற்றிலைக்காரன், கொழகொழவென்று மென்றுகொண்டே, "எனக்கு அப்பவே தெரியும்யா" என்றான். நாவிதன், யாருடைய காதையோ பிடித்துக்கொண்டு, "அந்தப் பையன் முழியே சரியில்லை, அசையாதீங்க" என்றான். கோயில் மேளக்காரர், "நமக்கெதுக்கு வம்பு" என்று தொடங்கி, ஒரு நாழிகை பேசினார்.

அந்த நாட்டுச் சட்டம் இதுதான். வீட்டுப் பெரியவரைக் கொன்றவர் தலை யானையின் காலடியில். சொத்து ரத்த உறவுக்கு.

காவலர்கள் எண்ணெய் அறையைப் பூட்டி, சாவியை நியாயாதிபதியிடம் கொடுத்தார்கள். அக்காளையும் தம்பியையும் சிறையில் வைத்தார்கள். யானைக்கொட்டில் சிறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. யானை மூச்சு விடுவது உள்ளே கேட்கும்.

விசாரணை நடந்தது. நாச்சி கைகட்டி நின்றாள். அழவில்லை. தள்ளாத கிழவரைக் கவனிக்கிறவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு வரும், அது அவளுக்கு இருந்தது. கடைசி இரண்டு வருஷம் அவர் தடி இல்லாமல் நடந்ததில்லை, அவள் இல்லாமல் தடியும் எடுத்ததில்லை.

"கஞ்சியில என்ன கலந்தே?" என்றார் நியாயாதிபதி.

"உப்பு."

"வேறே?"

"அதே சட்டி, அதே கஞ்சி ஐயா. அப்பா வச்ச மிச்சத்தை நான்தான் குடிச்சேன். எப்பவும் அப்படித்தான். நான் சாகலை. அது என் குத்தமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நியாயாதிபதி தாண்டவன் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்றே?"

"மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது ஐயா? நாங்க உள்ள வந்ததுல இருந்து அதுக்கு யாரு காட்டுறாக?"

"உன் தலை போகப்போகுது. நீ மாட்டைக் கேக்குறே."

"தலை போறது உங்க கையில ஐயா. மாடு என் கையில."

நியாயாதிபதி கொட்டாவி விட வாய் திறந்தார். என்னவோ தெரியவில்லை, மூடிக்கொண்டார். "அன்னைக்குக் காலையில உங்க அப்பா வாய்க்குள்ள என்னென்ன போச்சு?"

தாண்டவன் யோசித்தான். "வேப்பங்குச்சி. குடத்து எண்ணெய். கஞ்சி. மூணுதான்."

"வேப்பங்குச்சி யாரு ஒடிச்சது?"

"நான் ஒடிச்சேன். பாதி எனக்கு, பாதி அவருக்கு."

அன்று நியாயாதிபதி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. குச்சியில் பாதி இவன் வாயில். கஞ்சியில் பாதி அவள் வாயில். மிச்சம் ஒன்றுதான்.

எண்ணெயை ஒரு நாய்க்கு ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். தெரியும். எண்ணெயில் நஞ்சு என்று தெரியும். யார் போட்டது என்று தெரியாது. செக்கில் கிடந்து உழைத்தவர்கள் இந்த இரண்டு பேர். பழி இன்னும் இறுகத்தான் செய்யும். அதனால் அவர் நாயைக் கூப்பிடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, தம் கையாலேயே ஒரு வேலை செய்தார். அது என்னவென்று அப்புறம் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் வந்தது. நியாயாதிபதி எல்லோரையும் மன்றத்துக்கு வரச் சொன்னார். நடுவில் ஏழு குடங்கள். பக்கத்தில் கோயில் விளக்குக்கு எண்ணெய் நிரப்ப ஒரு பெரிய அண்டா.

"இது பெரியவர் சாகிற அன்னைக்கு ருசி பார்த்த எண்ணெய்," என்றார். "யானை அப்புறம். முதல்ல காரியம் முடியட்டும். நான் வாரிசு, எனக்குப் பங்கு உண்டுன்னு சொல்றவங்க ஒவ்வொருத்தரா வரணும். குடத்துக்கு ஒரு படி மொண்டு அண்டாவுல ஊத்தணும். அந்த வீட்டு வழக்கப்படி, ருசி பார்த்துத்தான் ஊத்தணும். ஊத்தாதவங்களுக்குப் பங்கு கிடையாது."

வடிவாச்சி எழுந்தாள். அவள் குரல் இந்தத் தடவை கூரைக்குப் போகவில்லை. "ஐயா, என் மகனுக்குக் கை சுளுக்கு."

"அப்படியா. அப்போ பங்கு வேண்டாம்."

"இல்ல இல்ல. லேசான சுளுக்குத்தான்."

சிற்றம்பலம் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். எந்தக் கை என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க அந்தத் தூணுக்கிட்ட நில்லுங்கம்மா," என்றார் நியாயாதிபதி. "ஊத்துறவங்ககிட்ட யாரும் பேசக் கூடாது."

முதலில் நாச்சி வந்தாள். காவலன் கை விலங்கை அவிழ்த்தான். முதல் குடம்: விரலை நனைத்தாள், நாக்கில் வைத்தாள், தலையில் துடைத்தாள், ஊற்றினாள். இரண்டாம் குடமும் அப்படியே. மூன்றாம் குடமும் அப்படியே. குழந்தையிலிருந்து பார்த்த வேலை, கை தானாகச் செய்தது. ஐந்தாவதாக இருந்தது வாய் விளிம்பு உடைந்த குடம். அதிலும் விரலை நனைத்தாள், நாக்கில் வைத்தாள், தலையில் துடைத்தாள்.

தூணருகே வடிவாச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது தாண்டவன். முதல் குடம், இரண்டாம் குடம், மூன்றாம் குடம். வாய் உடைந்த குடத்தில் விரலை நனைத்தான், நாக்கில் வைத்தான், தலையில் துடைத்தான்.

வடிவாச்சி பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவதாகச் சிற்றம்பலம்.

முதல் குடம். விரல், நாக்கு, தலை. வடிவாச்சி ஒரு காலை மாற்றி நின்றாள். இரண்டாம் குடம். விரல், நாக்கு, தலை. அவள் தொண்டையைக் கனைத்தாள். காவலன் திரும்பிப் பார்த்தான், நிறுத்திக்கொண்டாள். மூன்றாம் குடம். மகன் தன்னைப் பார்க்கமாட்டானா என்று கண்ணை அகல விரித்தாள். அவனோ எண்ணெயைத்தான் பார்த்தான். எண்ணெய் மணம் வந்தால் அவன் வேறு எதையும் பார்ப்பதில்லை, சின்ன வயதுப் பழக்கம். நான்காம் குடம். நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு, "நல்ல எள்ளு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வாய் உடைந்த குடத்தில் விரலை விட்டான். விரல் நாக்குக்குப் போனது.

தூணருகே நின்றவள் எப்படி அங்கே வந்தாள் என்று காவலனுக்கே தெரியவில்லை. மகன் கையில் ஓங்கி ஓர் அடி. குடம் உருண்டது. எண்ணெய் மன்றம் முழுக்க ஓடியது. அவன் விரலைப் பிடித்துத் தன் சேலையில் தேய் தேய் என்று தேய்த்தாள். "துப்புலே. துப்பு. துப்புலே பாவி."

"ஏம்மா?" என்றான் சிற்றம்பலம். "நல்லாத்தானே இருக்கும்?"

அப்புறம்தான் மன்றத்தில் சத்தம் இல்லை என்பது அவளுக்குக் கேட்டது.

நியாயாதிபதி எழுந்து வந்தார். கீழே ஓடிய எண்ணெயில் தம் விரலை நனைத்தார், நாக்கில் வைத்தார், தலையில் துடைத்தார்.

"ஏழு குடத்தையும் கொட்டிக் கழுவிட்டேன்," என்றார். "இது அரண்மனை எண்ணெய். எந்தக் குடத்துல நஞ்சு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதும்மா. எந்த விரல் எந்தக் குடத்துக்குப் பயப்படுதுன்னு பார்க்க நினைச்சேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச வித்தை."

வடிவாச்சி மகன் விரலை இன்னும் விடவில்லை.

"பெரியவர் குடத்துக்குக் குடம் கரண்டி போடுவார்னு வீட்டுல இருக்கிறவங்களுக்குத் தெரியும். ஊருக்குப் போற எண்ணெய் தப்பா இருக்கக் கூடாதுன்னு போட்ட கரண்டி. அதுலயே அவரைக் கொன்னுட்டீங்க. அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். அந்தப் பொண்ணு அதே குடத்துல விரலை வச்சப்போ நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க? அந்தப் பையன் வச்சப்போவும்?"

அவள் மகன் விரலை இன்னொரு தடவை சேலையில் துடைத்தாள்.

"விரல் நுனி எண்ணெயில ஆள் சாவாங்களா, மாட்டாங்களான்னு உங்க மகன் விஷயத்துல கணக்குப் போட உங்களுக்கு நேரமில்லை. அவங்க விஷயத்துல நேரம் இருந்துச்சு." அவருக்குக் கொட்டாவி வந்தது. அது தூக்கத்தால் வந்த கொட்டாவி இல்லை. "மஞ்சத் தண்ணி ரத்தமாகுமான்னு ரெண்டு தடவை கேட்டீங்க. எனக்குப் பதில் தெரியலை. ரத்தம் என்ன செய்யும்னு மட்டும் இன்னைக்குப் பார்த்துட்டேன்."

சட்டப்படி யானை இப்போது வடிவாச்சிக்கு. வெற்றிலைக்காரன், "எனக்கு அப்பவே தெரியும்யா" என்றான்.

நாச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். மன்னித்துவிடுங்கள் என்று கேட்கப்போகிறாள், எவ்வளவு பெரிய மனசு என்று கூட்டம் மூக்கில் விரல் வைத்தது.

"யானை வேண்டாம் ஐயா," என்றாள் அவள். "சின்னம்மா மேல எனக்கு இரக்கம் இல்லை. இன்னொரு சாவு எடுக்க எங்க வீட்டுல தெம்பு இல்லை. நாங்க தூங்கணும்."

நியாயாதிபதிக்கும் தெம்பு இல்லை. உயிருள்ள வரைக்கும் கோட்டைச் சிறை என்று தீர்ப்பு எழுதி, ராஜாவுக்கு அனுப்பினார். ராஜா ஒரு கண்ணைத் திறந்து, "சரி" என்றார். அவர் வார்த்தை முடிந்தது.

செக்கு நாச்சிக்கும் தாண்டவனுக்கும் வந்தது. சிற்றம்பலத்துக்கும் ஒரு பங்கு எழுதியிருந்தார் நியாயாதிபதி. பயப்படாத விரல் என்று காரணம் சொன்னார். சிற்றம்பலம் பங்கு கேட்டு வரவில்லை. அம்மாவுக்குச் சோறு கொண்டுபோய்ச் சிறை வாசலில் கொடுப்பான், திரும்பி வந்து பின்கட்டில் உட்கார்ந்திருப்பான்.

மறுபடி செக்கு ஓடியது. கீ...ச். கிர்...ர். கீ...ச். மாட்டுக்கு யாரும் சரியாகத் தண்ணீர் காட்டாததால் அது தாண்டவனோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. வைக்கோலுக்குப் பிறகு சமாதானமானது.

முதல் குடம் வாசலுக்கு வந்தது. நாச்சி விரலை நனைத்தாள். விரல் நாக்குக்குப் போகவில்லை. மன்றத்தில் அவ்வளவு பேர் நடுவே போன விரல், தன் வீட்டு வாசலில் பாதியிலேயே நின்றுவிட்டது. அப்பா விழுங்கிய கரண்டி நினைவுக்கு வந்தது. அவள் அப்படியே நின்றாள். வண்டிக்காரர், "நேரமாகுதும்மா" என்றார்.

பின்கட்டிலிருந்து சிற்றம்பலம் வந்தான். யாரையும் பார்க்கவில்லை. குடத்தில் விரலை விட்டான், நாக்கில் வைத்தான், தலையில் துடைத்தான். அங்கேயே, குடத்துக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தான். பெரியவர் செத்த உச்சிவேளை தாண்டும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். வண்டிக்காரரும் மாட்டை அவிழ்த்துவிட்டார்.

பிறகு எழுந்து, "நல்லாருக்கு அக்கா" என்றான். அதுவரைக்கும் அவளை அவன் அக்கா என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டு நிற்கவும் இல்லை, செக்கடிக்குப் போய் மாட்டின் கயிற்றைத் தாண்டவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

நாச்சி அதற்கப்புறம்தான் தன் விரலை நாக்கில் வைத்தாள். குடம் வாசல் தாண்டியது. அன்று மட்டும் இல்லை, அவன் இருந்த நாள் எல்லாம் அந்த வீட்டில் முதல் விரல் அவனுடையதுதான்.

கேட்டீர்களா, பெரியவர்களே, சிறியவர்களே? செக்கு நிற்கட்டும், மாடு இளைப்பாறட்டும், நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: தன் பிள்ளை வாய்க்கு ஆகாதது எந்தப் பிள்ளை வாய்க்கும் ஆகாது.